சில நாள் நோய்வாய்ப்பட்டு

எட்மீராவின் குரல் சொன்ன பிறகுதான் அந்த நாட்டில் ஒருவர் செத்ததாக அர்த்தம். மூச்சு நின்றிருக்கலாம், உடம்பு குளிர்ந்திருக்கலாம், பெண்கள் அழுது ஓய்ந்தும் இருக்கலாம். ஆனாலும் பகல் பன்னிரண்டரைக்கு வானொலியில் பெயர் வரும்வரை யாரும் பந்தல் போட மாட்டார்கள். தெற்குக் கரையிலிருந்து சித்தப்பா கிளம்ப மாட்டார். பாதிரியார் ஏழாம் நாள் பூசைக்குத் தேதி குறிக்க மாட்டார். செத்தவர் தன் வீட்டு வாசலிலேயே, உள்ளே வரவும் முடியாமல் போகவும் முடியாமல், காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருப்பார் என்று சொல்வார்கள். எட்மீரா அதை நம்பினாளா என்று தெரியாது. ஆனால் பன்னிரண்டு இருபத்தைந்துக்கு ஒலிபரப்பு அறைக்கதவைச் சாத்தும்போதெல்லாம், வெளியே யாரோ பொறுமையாகக் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்பு அவளுக்கு வரும்.

பெரிய தீவு ஒன்று, சின்னத் தீவு ஒன்று, நடுவில் கப்பலில் ஒரு பகல் முழுக்கப் போகிற கடல். இவ்வளவுக்கும் சேர்த்து ஒரே வானொலி. தொலைக்காட்சி சாயங்காலம் மட்டும். காகிதம் கப்பலில் வந்து சேர்ந்த வாரங்களில் ஒரு பத்திரிகை. லிஸ்பனில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் தினமும் ஃபேஸ்புக்கில் மந்திரிகளைத் திட்டி வீடியோ போடுவான். எல்லோரும் பார்ப்பார்கள், சிரிப்பார்கள், அடுத்தவருக்கு அனுப்புவார்கள். கடைசியில் ஒரு கேள்வி வரும்: "வானொலியில சொன்னாங்களா?" சொல்லவில்லை என்றால் அது வெறும் வீடியோ.

வியாழக்கிழமை விடியற்காலையில் 'எஸ்த்ரேலா' கப்பல் கவிழ்ந்தது. சின்னத் தீவின் திருவிழாவுக்குப் போன கப்பல். அதை வானொலி சொன்னது. பயணிகள் நாற்பத்திரண்டு, பிழைத்தவர்கள் பத்தொன்பது என்றும் சொன்னது. ஏறியதே ஐம்பத்தெட்டு பேர் என்றான் லிஸ்பன்காரன். அது வெறும் வீடியோ.

சனிக்கிழமை காலை, அறிவிப்புகள் வாங்கும் மேசைக்கு முன்னால் ஒரு மனிதன் வந்து நின்றான். சிறிய நிலையம், காலையில் அறிவிப்புகளை எழுதி வாங்குவதும் மத்தியானம் வாசிப்பதும் எட்மீராதான். வந்தவன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். பிறகு அது மரியாதையில்லை என்று தோன்றியிருக்க வேண்டும், எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டான். பெயர் குவால்தீனோ. மலைப்பக்கத்துப் பழைய கோக்கோ தோட்டத்தில் குடியிருப்பவன்.

"இறந்தவங்க பேரு?"

"தியோலிந்தா தாஸ் நெவிஸ். வீட்டுப் பேரு பியா. பியான்னு சேத்துப் படிங்க, இல்லன்னா யாருக்கும் தெரியாது. முப்பத்தி நாலு வயசு. என் பொஞ்சாதி."

"எப்ப?"

"வியாழக்கிழமை."

"எங்க?"

அவன் மேசை விளிம்பைத் தடவினான். "கப்பல்ல."

எட்மீரா திரும்பிச் சுவரைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதும் இல்லை. அங்கே ஒட்டியிருந்த நாற்பத்திரண்டு பெயர்களை அவள் ஆறு முறை வாசித்திருந்தாள். தூக்கத்திலும் வரிசை தப்பாமல் சொல்வாள். அதில் தியோலிந்தா இல்லை.

"பட்டியல்ல இல்லையே அண்ணே."

"இருக்காதும்மா. அவ சீட்டு வாங்கல. வெங்காய மூட்டையோட, படகுத்துறையில அந்தக் கடைசிப் பக்கமா ஏறினா. திருவிழாக் கடைக்குப் போற பொம்பளைங்க எல்லாரும் அப்பிடித்தான ஏறுவாங்க? மூட்டையைத் தூக்கிக் கொடுத்ததே நான்தான். பேர் எழுதுற தம்பி பாத்துக்கிட்டேதான் நின்னான். 'சீக்கிரம் ஏறுக்கா, துறைமுகத்துக்காரன் வர்றான்'னு கையக் கொடுத்துத் தூக்கிவிட்டதே அவன்தான். நல்ல பையன்."

எட்மீராவின் பேனா நின்றது.

கப்பலில் போகாமல் துறையில் நின்று பேர் எழுதுகிற அந்தத் தம்பி ஆர்லிந்தோ. அவளுடைய கடைசித் தம்பி.

முந்தின நாள் சாயங்காலமே அவன் அவள் வீட்டுக்கு வந்துவிட்டான். கப்பல் கம்பெனி கொடுத்த நீலச் சட்டையோடு, அடுப்படித் தரையில், இரண்டு முழங்காலுக்கு நடுவில் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விசாரணைக் குழு அவனை இரண்டு மணி நேரம் வைத்துக் கேட்டிருக்கிறது. பட்டியல் முழுமையானதா என்று கேட்டிருக்கிறது. ஆமாம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

"ஏன்டா போட்ட?"

"இல்லன்னு சொன்னா அங்கேயே விலங்கு மாட்டிருப்பாங்கக்கா. கப்பல் ஏன் கவுந்துச்சுன்னு கேக்குறாங்க. பாரம் ஜாஸ்தின்னா, ஏத்துனவன் யாரு? கேப்டன் செத்துட்டாரு. மிச்சம் நான்தான்."

"ஜாஸ்திதானா?"

"ஒவ்வொரு திருவிழாவுக்கும் அப்பிடித்தான் ஏத்துவேன். ஏத்தலைன்னா, 'நீ என்ன ராசா மகனா?'ன்னு திட்டுவாளுங்க. ஏத்துனா மீன் கொடுத்துட்டுப் போவாளுங்க. அடுத்த வெள்ளிக்கிழமை குழு அறிக்கை கொடுத்துரும்க்கா. அதுவரைக்கும் யாரும் எதுவும் பேசாம இருந்தா போதும். ஒரு வாரம்," என்றான்.

இப்போது அந்த ஒரு வாரம் இடுப்பில் தொப்பியோடு அவள் முன்னால் நின்றது.

"அண்ணே, கப்பல்ல போனவங்கள்ல பட்டியல்ல இருக்கிற பேரு மட்டும்தான் படிக்கணும்னு உத்தரவு. மத்தவங்களுக்கு வட்ட அலுவலகத்துலேர்ந்து காகிதம் வேணும்."

"போனேன். பொணம் எங்கன்னு கேட்டாங்க. கடல்லன்னேன். கடல்ல போனவங்க பேரெல்லாம் வானொலியில இருக்கு, அங்க போய்க் கேளுன்னாங்க." அவன் சிரிக்க முயன்றான். "நான் என்ன பந்தாம்மா? புதன்கிழமை ஏழாம் நாளு. பூசைக்கு ஃபாதர் தேதி கொடுக்க மாட்டேங்கிறாரு. ரெண்டு புள்ளைங்க இருக்கு. அம்மா எப்ப வரும்னு கேக்குதுங்க. வராதுன்னு சொல்றதுக்குக்கூட எனக்கு ஒரு..." அந்தச் சொல் அவனுக்குக் கிடைக்கவில்லை. கையை வானொலிப் பெட்டி உயரத்துக்குத் தூக்கிக் காட்டினான்.

எட்மீராவுக்கு அந்த யோசனை எப்படி வந்தது என்று பிற்பாடு அவளே பலமுறை கேட்டுக்கொண்டாள். இரக்கத்தில் வந்ததா, தம்பிக்காக வந்ததா? இரண்டும் ஒரே கதவு வழியாக, ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டுக்கொண்டு வந்தன. எது முன்னால் நுழைந்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

வீட்டில் சாகிறவர்களுக்கு யாரும் காகிதம் கேட்பதில்லை. குடும்பத்தில் ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டால் போதும். இந்தக் கெடுபிடியெல்லாம் கப்பலுக்கு மட்டும்தான்.

"கப்பல்னு சொல்லாம எழுதலாம் அண்ணே."

"சொல்லாம எப்பிடி?"

"சில நாள் நோய்வாய்ப்பட்டு, வீட்டில் காலமானார்னு. அப்பிடின்னா இன்னைக்கே படிச்சிரலாம். சொந்தபந்தம் வந்துரும். பூசையும் நடந்துரும்."

"அவ தலைவலின்னுகூட ஒரு நாள் படுத்ததில்ல."

"தெரியும்."

"என்ன நோய்னு கேட்டா?"

"அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க."

அவன் கையெழுத்துப் போட்டான். உறவினர் பெயர்களைச் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். கணவர், இரண்டு குழந்தைகள், தெற்குக் கரையில் மூன்று அண்ணன்மார், லுவாண்டாவில் ஒரு தங்கை, லிபர்வில்லில் ஒரு மாமன். ஒரு பெயர் விட்டுப்போனாலும் இங்கே தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை நின்றுவிடும். அவன் விடவில்லை. போகும்போது வாசலில் திரும்பி, "நீங்க நல்லா இருக்கணும் தங்கச்சி," என்றான்.

பன்னிரண்டரைக்கு வாசித்தாள். நான்கு மணிக்கும் வாசித்தாள். பியா வாசலிலிருந்து உள்ளே போனாள்.

திங்கட்கிழமை காலை நிலையத்தின் கதவு திறக்கும் முன்பே ஐந்து பேர் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவராக மேசைக்கு வந்தார்கள். குரலைத் தாழ்த்தி, "கப்பல்ல போனவதான். ஆனா அந்த மாதிரியே எழுதிருங்க. தோட்டத்துக்காரன் பொஞ்சாதிக்கு எழுதின மாதிரி," என்றார்கள். செவ்வாய்க்கிழமை இன்னும் நான்கு. செத்தவர்கள் எல்லாமே பெண்கள். எல்லோரும் வியாழக்கிழமை. எல்லோரும் சில நாள் நோய்வாய்ப்பட்டு, வீட்டில்.

நிலைய இயக்குநர் பாத்ரோசீனியோவுக்கு இது தெரியாது. படித்தவர்கள் சாவு அறிவிப்புகளைக் கேட்பதில்லை. அவர் பன்னிரண்டரைக்குச் சாப்பிடப் போய்விடுவார். திங்கட்கிழமை தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டபோது, "கப்பல் விஷயம் அடங்கிடுச்சு போல. நல்லது எட்மீரா, நல்லது. நம்ம கையிலதான் இருக்கு எல்லாம்," என்று அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

ஆனால் சந்தை கேட்டுக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை மாலை அவள் மீன் வாங்கப் போனபோது மீன்காரி எவாங்கெலினா கத்தியைக் கல்லில் தீட்டியபடியே கேட்டாள்:

"என்னக்கா, இந்த வியாழக்கிழமை நோய் நமக்கும் ஒட்டுமா?"

பக்கத்துக் கடைக்காரி சிரித்தாள். "வெங்காயம் விக்கிறவளுக்குத்தான் ஒட்டும்டி. நீ பயப்படாத, நீ மீனு."

"அதுக்கில்ல. என் வீட்டுக்காரனுக்கு ரெண்டு நாளா சளி. சில நாள் நோய்வாய்ப்பட்டுன்னு அக்காகிட்ட முன்கூட்டியே எழுதிக் கொடுத்துரலாமான்னு பாக்குறேன்."

மறுபடி சிரிப்பு. ஆனால் எட்மீரா மீனை வாங்கிக்கொண்டு திரும்பியபோது அந்தச் சிரிப்பு சுவிட்சைத் தட்டிவிட்டதுபோல் நின்றது. முதுகுக்குப் பின்னால் ஒரு குரல், மெதுவாக: "என் தங்கச்சி மகளும் அதுலதான் போனா. என்ன நோயாம்? தண்ணி நோய்."

வீட்டில் ஆர்லிந்தோ வானொலியைவிட்டு நகரவே இல்லை. தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது.

"இன்னைக்கு நாலு," என்றான்.

"ஆமா."

"எல்லாத்தையும் நீயே எழுதிக் கொடுத்தியா?"

"ஆமா."

"எனக்காகவா?"

அவள் மீனைக் கழுவினாள். "இன்னும் எத்தனை பேரு வருவாங்க ஆர்லிந்தோ?"

"எனக்கு எப்பிடித் தெரியும்?"

"உனக்குத்தான்டா தெரியும்."

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே விரல் மடக்கினான். ஒரு கை முடிந்து மறு கைக்குப் போனது, பிறகு மறுபடி முதல் கைக்கு வந்தது. "பதினஞ்சு. ஒருத்தியும் கரை சேரல," என்றான். இன்னொரு விரலையும் மடக்கி, "ஒருத்தி முதுகுல கைக்குழந்தை கட்டியிருந்தா. அதைச் சேத்தா பதினாறு," என்றான்.

நாற்பத்திரண்டும் பதினாறும் ஐம்பத்தெட்டு. எட்மீரா கூட்டிப் பார்க்காமலே கூட்டல் வந்து நின்றது.

புதன்கிழமை பதினொன்றரை மணிக்குக் குவால்தீனோ மறுபடியும் வந்தான். தொப்பி இல்லை. நெற்றியிலிருந்து காதுவரை ஒரு துணி கட்டியிருந்தது. அதில் ஊறிய ரத்தம் காய்ந்து பழுப்பாகியிருந்தது. ஒரு கண் வீங்கி மூடிக் கிடந்தது. ஏழாம் நாள் பூசையில் இருக்க வேண்டிய மனிதன்.

"அண்ணே, என்னாச்சு?"

"பியாவோட அண்ணனுங்க வந்தாங்க. அறிவிப்பக் கேட்டுட்டு, மூணு பேரும்." அவன் உட்காரவில்லை. "நேரா வீட்டுக்குள்ள வந்து, 'எங்க தங்கச்சிக்கு என்ன நோயி? எத்தனை நாளா படுத்திருந்தா? ஏன் எங்களுக்குச் சொல்லல? ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகல?'ன்னு கேட்டாங்க. அப்புறம் 'குழி எங்க'ன்னாங்க."

குழி. இறந்தவர் வீட்டில் இறந்தால் ஒரு குழி இருக்க வேண்டும். அதை எட்மீரா நினைத்தே பார்க்கவில்லை.

"உண்மையச் சொன்னேன்மா. கப்பல்ல போனான்னு. பட்டியல்ல அவ பேரு இல்லையேங்கிறான் பெரியவன். வானொலி வீட்டுலன்னு சொல்லுச்சேங்கிறான் சின்னவன். 'வானொலி பொய் சொல்லுது, நீ மட்டும் உண்மை சொல்றியா?'ன்னு விறகுக்கட்டையால அடிச்சாங்க. நான் கொன்னுட்டேனாம். கொன்னு எங்கேயோ பொதைச்சுட்டேனாம். கொல்லையில கறிப்பலா மரத்துக்கடியில இடுப்பளவு தோண்டிப் பாத்தாங்க. புள்ளைங்க அதைப் பாத்துக்கிட்டு நிக்குதுங்க. அம்மா உள்ள இருக்கான்னு நினைச்சுக்கிட்டு எட்டி எட்டிப் பாக்குதுங்க."

"புள்ளைங்க இப்ப எங்க?"

"கூட்டிட்டுப் போயிட்டாங்க. போலீசுலயும் எழுதிக் கொடுத்துட்டாங்க. மூணு மணிக்கு வரச் சொல்லியிருக்கு." முதல்முறையாக அவன் அவளை நேராகப் பார்த்தான். "திருத்தம் படிங்க. கப்பல்ல போனான்னு படிங்க. வேற ஒண்ணும் வேணாம். வானொலி சொன்னா நம்புவாங்க."

"அண்ணே, வெள்ளிக்கிழமை வரைக்கும் மட்டும்..."

"பேர் எழுதுற தம்பி உங்க தம்பியாமே."

எட்மீரா பேனாவைக் கீழே வைத்தாள்.

"சந்தையில சொன்னாங்க," என்றான் குவால்தீனோ. அதில் கோபமில்லை. கோபப்படும் பலத்தைக் கொல்லையிலேயே விட்டுவிட்டு வந்தவன்போல் பேசினான். "சனிக்கிழமையே தெரிஞ்சிருந்தா உங்க யோசனைக்குச் சரின்னிருக்க மாட்டேன். உங்களை நல்லா இருக்கணும்னு வேற வாழ்த்திட்டுப் போனேன்."

அவன் போய்ச் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தான். பன்னிரண்டரைவரை அங்கேயே இருப்பான் என்பது அவன் உட்கார்ந்த விதத்தில் தெரிந்தது.

எட்மீரா மேசை இழுப்பறையில் திருத்தப் படிவத்தைத் தேடி எடுத்தாள். திருத்தங்கள் அபூர்வம் இல்லை. மாதம் இரண்டு மூன்று வரும். மருமகன் பெயர் விட்டுப்போச்சு, மூத்த தாரத்தின் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை என்று சண்டை. அதனாலேயே அந்தப் படிவத்தில் வேறெந்த நாட்டு வானொலியிலும் இருக்க முடியாத ஒரு வரி இருந்தது: தவறு யாருடையது. குடும்பத்தினுடையதா, நிலையத்தினுடையதா? அதைக் காற்றில் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் விட்டுப்போன மருமகன் மாமியார் வீட்டுக்குக் கத்தியோடு போவான். குடும்பத்தின் தவறு என்றால் குடும்பம் கையெழுத்துப் போட வேண்டும். நிலையத்தின் தவறு என்றால் யாருடைய கையெழுத்தும் வேண்டியதில்லை. தவறு செய்தவர் பெயரைச் சொன்னால் போதும்.

பேனா அந்த வரியின் மேல் நின்றது. ஜன்னலுக்கு வெளியே ஒலிபரப்புக் கோபுரத்தின் இழுவைக் கம்பிகள் வெயிலில் மின்னின. கடல் அமைதியாக இருந்தது. ஒன்றும் தெரியாத முகத்தோடு, ஒரு குழந்தையைப்போல. தம்பி இந்நேரம் அடுப்படியில் வானொலியின் முன் உட்கார்ந்திருப்பான். தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லலாம். சொன்னால் அழுவான். அழுதால் அவளால் வாசிக்க முடியாது. அவள் கூப்பிடவில்லை.

காகிதத் தட்டிலிருந்து மற்ற ஒன்பது அறிவிப்புகளையும் எடுத்துக்கொண்டாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெக்னீஷியன் போன்ஃபீம் வழக்கம்போல் பாக்கு மென்றுகொண்டிருந்தான். அவள் கையிலிருந்த காகிதக் கட்டைப் பார்த்துப் புருவம் தூக்கினான். சிவப்பு விளக்கு எரிந்தது.

"நேயர்களே, திருத்தம்," என்றாள் எட்மீரா. அவள் குரல் எப்போதும் போலவே இருந்தது. அதுதான் அவளுக்கே ஆச்சரியம். "கடந்த சனிக்கிழமை இந்த நிலையம் வாசித்த தியோலிந்தா தாஸ் நெவிஸ், வீட்டுப் பெயர் பியா, முப்பத்து நான்கு வயது, அவர்களின் மரண அறிவிப்பில், சில நாள் நோய்வாய்ப்பட்டு வீட்டில் காலமானார் என்று சொல்லப்பட்டது. அது சரியல்ல. அவர் எந்த நோயிலும் படுக்கவில்லை. வியாழக்கிழமை எஸ்த்ரேலா கப்பலில் பயணம் செய்து கடலில் இறந்தார். அவர் பெயர் பயணிகள் பட்டியலில் எழுதப்படவில்லை. அவருடைய கணவர் குவால்தீனோ இதைச் சனிக்கிழமையே இந்த நிலையத்தில் உண்மையாகத் தெரிவித்தார்."

போன்ஃபீம் மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

அவள் இரண்டாவது காகிதத்தை எடுத்தாள். பெயர், வீட்டுப் பெயர், வயது. எந்த நோயிலும் படுக்கவில்லை. கடலில் இறந்தார். மூன்றாவது. நான்காவதை வாசிக்கும்போது கண்ணாடிக்குப் பின்னால் கதவு படாரென்று திறந்தது. பாத்ரோசீனியோ, சட்டைக் காலரில் இன்னும் துடைகுட்டை தொங்க, உணவகத்திலிருந்து ஓடி வந்திருந்தார். குரல் கேட்கவில்லை, வாய் மட்டும் அசைந்தது. கை போன்ஃபீமின் கட்டுப்பாட்டுப் பலகையை நோக்கி நீண்டது.

போன்ஃபீம் என்ன சொன்னான் என்று பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. "நிறுத்துறது ஒரு நிமிஷ வேலை சார். ஆனா சாவு அறிவிப்ப நடுவுல நிறுத்துனா, அடுத்த பேரு நம்ம வீட்டுப் பேரோன்னு ஊரே பதறி இங்க ஓடி வரும். வாசல்ல நின்னு அவங்களுக்குப் பதில் சொல்றது யாரு, நீங்களா?" பாத்ரோசீனியோவின் கை அப்படியே பாதியில் நின்றது. பிறகு துடைகுட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டது.

பத்தாவது காகிதம் முடிந்தது. இன்னும் ஐந்து பெண்களும் ஒரு கைக்குழந்தையும் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் அவளுக்குத் தெரியாது. அதையும் சொன்னாள். "பெயர் தெரியாத ஐந்து பெண்கள். ஒரு குழந்தை. குடும்பத்தார் வந்து பெயர் தர வேண்டுகிறோம். எந்தக் காகிதமும் வேண்டியதில்லை." கடைசி வரி மிச்சமிருந்தது.

"இந்தத் தவறு குடும்பங்களுடையது அல்ல. நிலையத்தினுடையது. தவறு செய்தவர், இந்த அறிவிப்புகளை எழுதி வாசித்த எட்மீரா போவா மோர்த்தே. எஸ்த்ரேலா கப்பலின் பயணிகள் பட்டியலை எழுதியவரின் அக்கா."

விளக்கு அணைந்தது.

வெளியே வந்தபோது குவால்தீனோ எழுந்து நின்றிருந்தான். நிலையத்தின் தாழ்வார ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறான். நன்றி சொல்லவில்லை. "நாலு மணிக்கும் உண்டா?" என்றான். "அண்ணனுங்க வலை இழுக்கப் போயிருப்பாங்க. இதைக் கேட்டிருக்க மாட்டாங்க."

"உண்டு."

"அப்ப நான் போலீசுக்குப் போறேன். அவங்க கேட்டிருப்பாங்க." துணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனான். நடக்கும்போது ஒரு கால் இழுத்தது. அதை அவள் இதுவரை கவனிக்கவில்லை.

மேசையில் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தாள்.

"அக்கா."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"கேட்டேன்," என்றான் ஆர்லிந்தோ. பின்னணியில் வானொலிச் சத்தம் இல்லை, அணைத்துவிட்டிருந்தான். "பக்கத்து வீட்டுக்காரங்க வாசல்ல வந்து நிக்கிறாங்க. சும்மா நிக்கிறாங்க. ஒண்ணும் சொல்லல."

"கதவச் சாத்திக்கடா. நான் வர்றேன்."

"வராத. நாலு மணிக்குப் படிக்கணும்ல?"

"ஆமா."

அவன் அழுவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் அழவில்லை. சின்ன வயதில் கோழிக்குஞ்சை மிதித்துக் கொன்றுவிட்டு உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்து காட்டினானே, அந்தக் குரல்.

"பட்டியல் எழுதினவரோட அக்கான்னு மட்டும் சொல்லிட்டியேக்கா. உனக்குத் தம்பி மூணு பேரு. மத்த ரெண்டு பேரும் துறைமுகத்துலதான வேலை பாக்குறாங்க. அவங்க தலையில விழும். யாராவது வெட்டிருவாங்க."

"ஆர்லிந்தோ..."

"நாலு மணிக்கு என் பேரைச் சொல்லிரு. முழுப் பேரும். வீட்டுப் பேரையும் சேத்து. அப்பத்தான் எந்தத் தம்பின்னு தெரியும்."

அவன் வைத்துவிட்டான். எட்மீரா பேனாவை எடுத்து, கடைசி வரியின் கீழே, சாவு அறிவிப்புகளில் எழுதுகிற அதே உருண்டைக் கையெழுத்தில் எழுதத் தொடங்கினாள்.